எல்லாக் குழாயிலும் முப்பத்தெட்டு

தரையில் நட்டிருக்கும் குழாய்க்குள் ரப்பர் டியூபை இறக்கி, மறுமுனையை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருக்கிறார் அக்கா. அடுப்பை ஊதுகிற வேகம் இல்லை. தூங்குகிற பிள்ளையின் நெற்றி வியர்வையை ஆற்றுவது போல மெல்லிய ஊதல். டியூப் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. எங்கோ கீழே 'களக்' என்று ஒரு சத்தம். அதுதான் தண்ணீர். டியூபை அந்த இடத்திலேயே நகத்தால் பிடித்து வெளியே இழுத்து, அதில் கீறியிருக்கும் கோடுகளை எண்ணி, நோட்டில் பென்சிலால் எழுதுகிறார்: ஐம்பத்தொன்று. பேனா வைத்துக்கொள்வதில்லை. "ஈரம் பட்டா மை அழும்" என்பார்.

பாமாயில் தோட்டத்துக்குள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இப்படி இருபத்திரண்டு குழாய்களை ஊதி, தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கிறது என்று எழுதுவது அவருடைய வேலை. நீர்மட்ட அலுவலகத்தின் ஒப்பந்த ஊழியர். வயது ஐம்பத்து மூன்று. தோட்டத்து ஆட்களுக்கு அவர் 'ஊதுகுழல் அக்கா'. மேனேஜர் இன்னும் ஒரு படி மேலே போய், "அரசாங்கத்தோட ஊதுகுழல் வந்தாச்சு" என்று வாசலிலேயே சிரிப்பார். அக்காவும் சிரித்துவைப்பார்.

குழாய்களை அவர் ஆட்களாகத்தான் பேசுவார். ஒன்பதாம் நம்பருக்கு எப்போதும் முகம் தூக்கல், லேசில் சத்தம் கொடுக்காது. பதினேழு வாயாடி. அளந்து முடித்ததும் ஒவ்வொன்றிடமும் "வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார். முதல் தடவை பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஒரு மணி நேரம் அந்தத் தோட்டத்துக்குள் தனியாக நடந்தால் வராது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே வரிசை, ஒரே உயரம், நட்டநடுப் பகலிலும் அந்திப்பொழுதின் மங்கல். காக்கை குருவி கிடையாது. கூப்பிட்டால் குரல் எங்கோ போய் அமுங்கிவிடும்.

மண்ணும் வேறு மாதிரி. காலங்காலமாக விழுந்த மரமும் இலையும் தண்ணீருக்குள் ஊறிக் கறுத்துச் சேர்ந்த நிலம் அது. வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துத்தான் தோட்டம் போட்டார்கள். தண்ணீர் வடிந்ததும் மண் சுருங்க ஆரம்பித்தது. அடியில் இருக்கும் கெட்டித் தரைவரை அரசாங்கம் அடித்து இறக்கிய இரும்புக் கம்பம் ஒன்று அங்கே நிற்கிறது. அடித்த வருஷம் அக்காவின் முழங்கால் உயரம். இப்போது தோள் உயரம். கம்பம் வளரவில்லை, தரைதான் இறங்கியிருக்கிறது. மதகுக்காரனாக வேலை பார்க்கும் அவருடைய தம்பி, தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் இருக்கிறான். தூண்மேல் கட்டிய அந்த வீட்டு வாசலுக்கு ஒரு படி இருந்தது. இன்றைக்கு மூன்று படி.

இறங்குவதோடு விட்டால் பரவாயில்லை. காய்ந்த கறுப்பு மண் அடியிலேயே தீப்பிடிக்கும். சுடர் தெரியாது, மாதக்கணக்கில் உள்ளுக்குள் நகரும். இரண்டு வருஷம் நகரம் முழுக்கப் புகை மூடி, பள்ளிக்கூடங்களைச் சாத்திய பிறகுதான் சட்டம் வந்தது: தண்ணீர் நாற்பது சென்டிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது. போனால் முதலில் எச்சரிக்கை. அப்புறமும் இறங்கினால் மதகுகளை மூடி வாய்க்காலை நிரப்ப வேண்டும். மூடாத தோட்டத்துக்குப் பசுமைச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாத எண்ணெயை வெளிநாட்டுக்காரன் தொடமாட்டான்.

அந்தக் கோடையில் மூன்று மாதமாக மழை இல்லை. ஐம்பத்தொன்றுக்கே எச்சரிக்கை வந்தது. பிறகு அது அறுபதாகி, அறுபத்தாறு ஆயிற்று. எச்சரிக்கை வந்தது. மரங்களுக்கு நடுவே, அடுப்பும் ஆளும் இல்லாத இடத்தில், நூல் மாதிரி ஒரு புகை எழுந்து நின்றது. அதற்கு அடுத்த தடவை அக்கா ஊதியபோது முதல் குழாய் சட்டென்று 'களக்' என்றது. முப்பத்தெட்டு. இரண்டாவதும் முப்பத்தெட்டு. எதற்கும் வாய் திறக்காத ஒன்பதாம் நம்பர் கூட உடனே பதில் சொன்னது. இருபத்திரண்டும் முப்பத்தெட்டு. டியூபைத் துடைத்து மறுபடி ஊதினார். அதேதான். அளந்ததை எழுதிக் கொடுத்தார். அலுவலக வரைபடத்தில் தோட்டம் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது. அதிகாரி போனில் கூப்பிட்டுப் பாராட்டினார்.

அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. "இருபத்திரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னா, யாரோ சொல்லிக்கொடுத்திருக்காங்கன்னு அர்த்தம்" என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டார்.

அடுத்த தடவை முறைநாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே, யாரிடமும் சொல்லாமல் போனார். முதல் குழாயின் பக்கத்தில் கரண்டியால் தோண்டினார். முழங்கை ஆழம்வரை பொடிதான் வந்தது, காப்பித்தூள் மாதிரி, ஈரம் என்ற பேச்சே இல்லை. ஆனால் ஒரு சாண் தள்ளிக் குழாய்க்குள் தண்ணீர் மினுங்கியது. செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துக் குச்சியை விட்டார். அடி கெட்டியாக முட்டியது. தண்ணீர் ஊறிவர வேண்டிய பக்கத்துத் துளைகள் எல்லாம் சிமென்ட் வைத்து அடைக்கப்பட்டிருந்தன. குழாய்க்கும் பூமிக்கும் இனி ஒரு சம்பந்தமும் இல்லை. தண்ணீர் ஊற்றிவைத்த டம்ளர், அவ்வளவுதான். போன தடவை அவர் பேசியது டம்ளரோடுதான்.

நடக்க நடக்கப் பூட்ஸின் அடிவழியாகச் சூடு ஏறியது. பதினாறாம் குழாய் பக்கம் வரும்போது, வரிசைகளின் கடைசியில் ஒரு உருவம் தெரிந்தது. இரண்டு கேன் தண்ணீர். குழாய் முன் குனிந்து ஊற்றியது, குச்சியால் அளந்தது, இன்னும் கொஞ்சம் ஊற்றியது. பிறகு குழாயின் தலையில் கைவைத்து, உதடு அசைந்து, ஏதோ சொல்லிவிட்டு எழுந்தது. அக்காவுக்குத் தன்னையே தூரத்தில் நின்று பார்ப்பது போல இருந்தது. பிறகுதான் அந்த முதுகு அடையாளம் தெரிந்தது. அந்த முதுகுக்குச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியவர் அவர்தான்.

"டேய்."

தம்பி திடுக்கிடவில்லை. "நீ நாளைக்குத்தானே வரணும்" என்றான்.

யார் செய்யச் சொன்னது என்று கேட்டார். மேனேஜர் என்றான். மதகை மூடினால் ரோடு முங்கிவிடும், குலை ஏற்றுகிற லாரி உள்ளே வராது, சான்றிதழ் போனால் தோட்டத்தையே மூடிவிடுவார்களாம். நானூறு குடும்பம் என்றான். அதெல்லாம் அக்கா எதிர்பார்த்ததுதான். அப்புறம் சொன்னதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"உன் நம்பரை நான் தொடலையேக்கா. நீ அளந்ததைத்தானே எழுதின?"

சொல்லிவிட்டு, கேன்களை வைத்துவிட்டு, அவர் பக்கமாக இரண்டு எட்டு வைத்தான். இரண்டாவது எட்டில் தரை இல்லை. சத்தம் எதுவும் கேட்கவில்லை. இடது கால் தொடைவரை உள்ளே போயிற்று. மேலே ஒரு சாண் மண், அதற்குக் கீழே வெந்து சாம்பலான வெற்றிடம், அதன் ஓரங்களில் செக்கச்சிவந்த கங்கு. அவன் உடனே கத்தவில்லை. கீழே எதையோ போட்டுவிட்டுத் தேடுகிறவன் மாதிரி குனிந்து பார்த்தான். பிறகு கத்தினான்.

அக்கா குப்புறப் படுத்து, காய்ந்த பனைமட்டை ஒன்றை நீட்டி இழுத்தார். அவன் வெளியே வந்ததும், கேனில் மீதியிருந்த தண்ணீரை அப்படியே அந்தக் காலில் கவிழ்த்தார். செல்போனில் தோட்டத்து ஆட்களைக் கூப்பிட்டு, டிராக்டர் வருவதற்குள் நோட்டையும் பென்சிலையும் எடுத்து எழுதினார். குழாய்களின் அடியில் சிமென்ட். மண்ணில் தண்ணீர் இல்லை. தீ இருக்கிறது. தண்ணீர் ஊற்றியவர் தோட்டத்து மதகுக்காரர். ஒரு நிமிஷம் பென்சில் நின்றது. பிறகு, 'என் உடன்பிறந்த தம்பி' என்றும் சேர்த்தார்.

மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்து, குப்பை எரித்த குழியில் தவறி விழுந்ததாகச் சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்று பக்குவமாகப் பேசினார். "நான்தான் ஊதுகுழலாச்சே சார்" என்றார் அக்கா. "எனக்கு ஊத மட்டும்தான் தெரியும்."

நோட்டு அலுவலகத்துக்குப் போனதும் அங்கிருந்து ஆட்கள் வந்தார்கள், மதகுகள் மூடின, வாய்க்கால்கள் நிரம்பின. மூன்று வாரத்தில் புகை அடங்கியது. சான்றிதழ் ஆறு மாதத்துக்கு நிறுத்தம். மேனேஜர் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். புதிய குழாய்கள் நட்டாயிற்று. தம்பிக்கு வேலை போயிற்று. லைன் வீடுகளைக் கடந்து போகும்போது அக்காவைப் பார்த்துக் கதவைச் சாத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவரும் அதைக் கவனிக்காதது போல நடக்கிறார்.

காலை ஊன்றலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, தம்பி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். வலது கால் தரையில் இருந்தது. கட்டுப் போட்ட இடது கால் தரைக்கு நாலு விரல் மேலே அப்படியே நின்றது. நர்ஸ் மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள்.

"கீழ என்னக்கா இருக்கு?"

"மொசைக் தரைடா. அதுக்குக் கீழ ஒரு மாடி. மருந்துக்கடை."

தம்பி தலையாட்டினான். கால் இறங்கவில்லை. அக்கா கட்டிலடியில் உட்கார்ந்து, உள்ளங்கையைத் தரையில் விரித்துவைத்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு இன்னொரு கையால் அவன் பாதத்தை மெல்லப் பிடித்து இறக்கித் தன் புறங்கைமேல் வைத்துக்கொண்டார்.