யாரும் படுக்காத நான்காம் மாடி

நான்காம் மாடி நடைபாதையில், ஓர் அறைக் கதவின் முன்னால் எஞ்சினியர் குந்தியிருந்தார். பூட்டிலிருந்து ஒரு மெல்லிய வயர் அவருடைய மடிக்கணினிக்குப் போயிருந்தது. துப்புரவு வண்டியைத் தள்ளிக்கொண்டு நான் வருவதைக் கண்டதும் திரையைச் சட்டென்று பாதி மூடினார். அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தப் பாதி மூடிய திரைதான்.

ஒஸ்லோ நகர நடுவில் அந்த ஹோட்டல் திறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அறைகளைத் துப்புரவாக்கும் பெண்களுக்கு நான் மேற்பார்வையாளர். எஞ்சினியர் கோயம்புத்தூர்க்காரர், கதவுகளின் சாவி அட்டைகளைக் கவனிக்க வந்தவர். நான் யாழ்ப்பாணம். எதிர்ப்பட்டால் தலையசைப்போம், மிஞ்சினால் ஆங்கிலத்தில் இரண்டு சொல். ஒருவர் தமிழை மற்றவர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சம் இருவருக்கும் இருந்திருக்க வேண்டும்.

அந்த ஹோட்டலில் எனக்குப் பிடிபடாதவை பல. தங்குவோர் பட்டியலில் நான்காம் மாடி எப்போதும் நிறைந்திருக்கும். உள்ளே போனால் கட்டிலில் ஒரு கசங்கல் இருக்காது, குளியலறையில் ஈரம் இருக்காது. கசங்காவிட்டாலும் அந்த மாடியில் நானே விரிப்பை மாற்ற வேண்டும் என்பது மேலாளரின் கட்டளை. நிலவறையில் பச்சைத் துணி ஒட்டிய வட்ட மேசைகள் வந்து இறங்கின. கூட்டம் நடத்துவதற்கு என்றார்கள். இந்த நாட்டில் சூதாட்ட விடுதிக்கு அனுமதி இல்லை என்பது எனக்குத் தெரியும். முதலாளிகள் என்று வந்துபோன மூவரும் தங்கள் சொந்த ஹோட்டலில் ஒரு வாய் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. இவ்வளவையும் பார்த்த நான் கடைசியில் சந்தேகப்பட்டது எஞ்சினியரைத்தான்.

ஒரு நாள் அவர் முதன்முறையாகத் தமிழில் கேட்டார்.

"இந்த ரூமையெல்லாம் தினமும் நீங்கதான் திறக்கறீங்களா?"

"ஓம். அது என்ரை வேலை. ஏன் கேக்கிறியள்?"

"சும்மாதான்."

சும்மா கேட்பவரின் முகம் அதுவல்ல. இவர் முதலாளிகளின் உளவாளி, ஏதாவது காணாமற்போனால் என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று முடிவுகட்டினேன். முந்திக்கொள்வோம் என்று மேலாளரிடம் போய், எஞ்சினியர் நான்காம் மாடிப் பூட்டுகளை நோண்டித் தகவல் எடுக்கிறார் என்று சொன்னேன். மேலாளர் சிரித்தபடி நன்றி சொன்னார். மறுநாள் எஞ்சினியர் வேலைக்கு வரவில்லை. அந்த வேலையை நம்பித்தான் அவருக்கு விசா, மனைவி வேறு நிறைமாதம் என்று வரவேற்பில் நின்ற பெண் சொன்னார்.

சில வாரங்களில் ஒரு முற்பகல் பொலிஸ் வந்தது. ஹோட்டலைக் கட்டியதே போதைப்பொருள் கும்பல் ஒன்றின் பணம் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கள்ளப் பணத்தையும் நிலவறைச் சூதாட்டத்தில் வந்ததையும் அறை வாடகையாகக் காட்டத்தான் ஆளில்லாத ஒரு மாடி. விசாரணையில் நான்காம் மாடிப் பூட்டுகள் திறந்த பட்டியல் ஒன்றை என் முன் வைத்தார்கள். அத்தனை மாதங்களாக அந்தக் கதவுகளைத் திறந்தது ஒரே ஓர் அட்டை. என்னுடையது. மூன்று முறை கூப்பிட்டு விசாரித்தார்கள். எஞ்சினியரைக் காட்டிக்கொடுத்தது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவழியாக நம்பினார்கள். முதலாளிகளில் இருவர் சிறைக்குப் போனார்கள்.

எஞ்சினியருக்கு ஒஸ்லோவுக்குப் பக்கத்திலுள்ள திராமன் நகரில் வேறு வேலை கிடைத்துவிட்டதாக அறிந்து ரயிலேறிப் போனேன். தோளில் கைக்குழந்தையோடு கதவைத் திறந்தார்.

"உங்களை மேலாளரிட்டை மாட்டிவிட்டது நான்தான். நீங்கள் முதலாளிமாரின்ரை ஆள் எண்டு நினைச்சிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு உட்காரச் சொன்னார்.

"போலீசுக்கு அந்த லிஸ்டைக் கொடுத்தது நான்தாங்க. வேலை போனதும் நேரா அங்கதான் போனேன். நீங்களும் அவங்களுக்கு உடந்தைன்னு எழுதியே கொடுத்தேன்."

மன்னிப்புக் கேட்க வந்த எனக்குக் கோபம் ஏறியது. ஆனால் எந்த வாயால் கேட்பது? அவருடைய மனைவி காப்பியை மேசையில் வைத்துவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரே மாடியில வேலை பார்த்திருக்கீங்க. ரெண்டு பேருக்கும் தமிழ் தெரியும். என்ன நடக்குதுன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கக் கூடாதா?"

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. பிறந்தநாளுக்கு என்னையும் கூப்பிடுகிறார்கள். வாசலிலேயே எஞ்சினியரும் நானும் தமிழில்தான் நலம் விசாரிக்கிறோம்.