யார் வீட்டுக் கல்யாணம்?

கோட்டைமேட்டு யாஸ்மினுக்கு வாய் கொஞ்சம் நீளம். கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று எங்கே போனாலும் முதல் வைத்தியம் முதலாளிக்குத்தான். கணபதிப் பகுதியில் பம்ப் பட்டறை வைத்திருக்கும் வரதராஜுலு ஒரே வாரத்தில் மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு தடவையும் வேலையைச் சுத்தமாகத்தான் செய்திருந்தாள். நெட் ஒயரைப் பிடுங்கி, பென் டிரைவிலிருந்து ஸ்கேன் ஓட்டி, ட்ரோஜன் வைரஸை அழித்து, பாஸ்வேர்டுகளையும் வேறு கம்ப்யூட்டரிலிருந்து மாற்ற வைத்தாள். மறுநாளே அது திரும்பி வந்து, அவர் பெயரில் ஊருக்கெல்லாம் கண்ட கண்ட மெயிலை அனுப்பிக்கொண்டிருந்தது.

“ஏனுங்கண்ணா, இது தானா வராதுங்க. நல்லதாட்ட வேசம் கட்டிட்டு வந்து நிக்கும். நாமதான் கதவைத் தொறந்து உடறது. மறுக்கா எதைத் தொறந்தீங்க?”

வரதராஜுலு திரையைக் காட்டினார். ‘திருமண அழைப்பிதழ்’ என்று ஒரு ஃபைல். அனுப்பியவர் யாரென்று தெரியாது. அவள் குப்பையில் போட்டதைத் தோண்டி எடுத்துத் திறந்திருக்கிறார்.

“அறிவு இருக்குதுங்களா?” மரியாதையாகத்தான் கேட்டாள்.

“பத்திரிகை வந்தா பாக்காம எப்படி அம்மிணி? தொறந்தா ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. யாரு ஊட்டுக் கல்யாணமோ! போகாம உட்டுப்போட்டா நாளைக்கு நம்ம வாசப்படி மிதிப்பாங்களா?”

யாஸ்மினுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. இந்த மனுஷரின் சந்தேகம் தீராமல் எந்த ஆன்டிவைரஸும் எடுபடாது.

“போனை எடுங்க. சொந்தபந்தம் அத்தனை பேரையும் கேட்டுப்போடலாம்.”

ஸ்பீக்கரில் போட்டு வரிசையாகக் கேட்டார்கள். சத்தியமங்கலத்து மச்சான் வீட்டில் விசேஷம் இல்லை. சித்தப்பா மகன் வம்சி வீட்டிலும் இல்லை. ஒவ்வொரு ‘இல்லை’க்கும் யாஸ்மின் ஒரு நக்கல் அடித்தாள். அவரும் சிரித்தார். கடைசியாகப் பொள்ளாச்சியில் இருக்கும் தம்பி வீடு. தம்பி மகள் நவ்யா எடுத்தாள்.

“ஏங்கண்ணு, நம்ம சொந்தத்துல யாருக்காச்சும் கல்யாணமா?”

நவ்யா குரலைத் தணித்துக்கொண்டாள்.

“எனக்குத்தாங்க பெரியப்பா. வார புதன்கிழமை. உங்களுக்குப் பத்திரிகை வெக்க வேண்டாம்னு அப்பா சொல்லிப்போட்டாருங்க.” சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் அழுதுவிட்டாள்.

“நல்லா இரு கண்ணு” என்று வரதராஜுலு போனை வைத்தார்.

யாஸ்மினுக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

“அதை அழிச்சுப்போடு அம்மிணி” என்றார். “இனித் தொறக்க மாட்டேன்.”