குறட்டையோடு ஒரு பிரார்த்தனை

பல்செட்டு கட்டுகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. கட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பவர்கள் முதல் ரகம். இரண்டாவது ரகத்தில் பல்லக்காவைத் தவிர வேறு ஆளைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

பல் ஆஸ்பத்திரி மாடியில், படிக்கட்டு திரும்பும் இடத்தில் அவருடைய அறை. ஜன்னலை ஒட்டி மேஜை, அதன்மேல் மெழுகு இளக்கும் ஸ்பிரிட் விளக்கு, பிளாஸ்டர் குழைக்கும் ரப்பர் கிண்ணம், சுவர் ஓரப் பலகையில் பல்லில்லாத வாய்களின் அச்சுகள். முதன்முதலாக எட்டிப் பார்ப்பவர்கள் ஒரு படி பின்வாங்குவார்கள். பல்லக்காவுக்கோ அத்தனையும் பழகிய முகங்கள். "இது நம்ம கண்டக்டர் வாய். விசில் ஊதி ஊதி உதடு எப்படிக் கிடக்கு பாருங்க" என்பார், ஏதோ தம்பி மகனைக் காட்டுவதுபோல.

பல்செட்டு வேண்டுமென்று வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது பழைய போட்டோ. "கல்யாணப் போட்டோ வேணாம். அதுல எல்லாரும் வாயை மூடிட்டு நிப்பாங்க. நல்லா சிரிச்ச மாதிரி ஒண்ணு கொண்டாங்க." அந்தப் போட்டோவைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். முன்பல் ஒன்று லேசாகத் திரும்பியிருந்தால் புதுப்பல்லையும் அதேபோல் திருப்பி வைப்பார். கீழே இருக்கும் டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்வார்: "அக்கா, கோணலா இருக்கிறதைக் காசு குடுத்துக் கோணலாவே வாங்கணுமா?" பல்லக்கா அசரமாட்டார். "நேராத்தான் வேணும்னா சீப்பு வாங்கிக்கலாம் டாக்டரம்மா."

இப்படிப்பட்டவர் தப்பே செய்யாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு தடவை அண்ணன் தம்பி இரண்டு பேருக்குச் செட்டுக் கட்டி, டப்பாவை மாற்றிக் கொடுத்துவிட்டார். புதுப்பல் என்றால் வலிக்கத்தான் செய்யும் என்று இருவரும் பொறுத்துக்கொண்டார்கள். கடைசியில் அண்ணன் வாயிலிருந்து தம்பியின் சிரிப்பு வருவதைப் பார்த்து அண்ணி அலறியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பல்லக்கா இரண்டு வீட்டுக்கும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். அப்புறம் அதையே எழுதியும் வைத்தார். 'சிலபேர் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் டப்பாவிலிருந்து எடுத்த வாழ்க்கையை வாழ்கிறார்கள். வலிப்பது வாழ்க்கையின் குணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கடவுளே, நீயாவது டப்பாவைச் சரிபார்த்தாயா?' என்று முடியும் அந்தக் கட்டுரை.

ஆமாம், பல்லக்கா எழுதுவார். பிளாஸ்டர் இறுகும்வரை கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எழுதினார். சில நாள் கவிதை வரும், சில நாள் கட்டுரை வரும், சில நாள் கவிதையாக ஆரம்பித்தது பாதியில் மூச்சு வாங்கிக் கட்டுரையாக உட்கார்ந்துவிடும். எல்லாம் ஒரே விசாரம்தான். எல்லோரும் ஒன்று என்று கோயிலிலும் மேடையிலும் சொல்கிறார்கள், அப்படியானால் படைத்தவன் ஏன் ஒரு வாயைப்போல் இன்னொரு வாயைச் செய்யவில்லை? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அவர் கடவுளை விட்டேனா பார் என்று துளைத்திருக்கிறார். அந்தத் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்?

அவருடைய வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எழுதியதை எல்லாம் அவருக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டுவார். வீட்டுக்காரர் 'உம்' கொட்டுவார். கொஞ்ச நேரத்தில் உம் நின்று குறட்டை வரும். அதுதான் அந்த வீட்டு விமர்சனம்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு மழைக்காலத்தில் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் விழுந்தார். குழாய் வழியாகத்தான் மூச்சு. பல்லக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போது தாங்கிப் பிடித்தது ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனைக் குழு. ஹார்டுவேர் கடைக்கு மேலே ஒரு கூடம், அதில் பாய்கள், நடுவில் ஒரு விளக்கு. சேர்ந்து பாடுவார்கள், பிறகு பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். நடத்துகிறவர் பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் பெரியண்ணன். கூடத்துக்குள் யாருக்கும் பெயர் கிடையாது, அண்ணன், தம்பி, அக்கா, தங்கைதான். அது அவர் வைத்த சட்டம். சட்டம் வைத்ததோடு நிற்காமல், ஆஸ்பத்திரியில் முறைவைத்து ஆள் அனுப்பி, தானும் வந்து அந்த மனிதருக்கு முதுகு தடவிவிட்டுக் கஞ்சி ஊட்டினார். அதைப் பல்லக்கா மறக்கவில்லை. எந்த மனுஷிதான் மறப்பாள்?

வீட்டுக்காரர் பிழைத்து வந்தபின் பல்லக்கா எழுதிய கவிதை இது:

பிரார்த்திக்கக் கண் மூடினேன்.
பக்கத்தில் நீர் குறட்டை விட்டீர்.
இறைவா, உன்னைத் தேடத்தான் உட்கார்ந்தேன்.
இந்த மனிதர் மூச்சு விடுகிறார் என்ற நிம்மதி
உனக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது.
கோபித்துக்கொள்ளாதே,
நன்றியை அதன் மடியிலேயே வைத்துவிட்டேன்.

இதைக் கேட்டு வீட்டுக்காரர் தூங்கவில்லை. "நான் அவ்வளவு சத்தமாவா விடுறேன்?" என்று கேட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பல்லக்கா எழுதுவது குழுவுக்குத் தெரிந்தது. பெரியண்ணன் அந்தக் காகிதக் கட்டை வாங்கிப் படித்தார், மனசார மகிழ்ந்தார். "குழுவே புஸ்தகமா போடும்மா. ஆனா கவிதை மட்டும் போதும். பல்லு, எச்சில், டப்பான்னு வர்ற கட்டுரையெல்லாம் பிரார்த்தனைப் புஸ்தகத்துல எதுக்கு? அப்புறம், பேர் வேணாம். பேர் வந்தா பின்னாடியே கர்வம் வந்துடும்."

பல்லக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனால் கஞ்சி ஊட்டிய கை கண்முன் வந்து நின்றது. மென்று விழுங்கிக்கொண்டு, "உங்க இஷ்டம்ண்ணா" என்றார். சொன்ன நாளிலிருந்து அவர் ஒரு வரி எழுதவில்லை. பிளாஸ்டர் இறுகுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

அச்சுக்குப் போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியண்ணன் புத்தகத்திலிருந்து ஒன்றை வாசிக்கப்போவதாக அறிவித்தார். பல்லக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். பெரியண்ணன் கணீரென்று வாசித்தார்:

கண் மூடினேன், நாதம் கேட்டேன்.
அகிலமெங்கும் நின் மூச்சே, ஐயனே.
அடியேன் நன்றி நின் பாதமலரில்.

கூடமே கண்ணை மூடி உருகியது. வீட்டுக்காரரும் உருகினார். மனைவி பக்கம் சாய்ந்து, "நல்லா இருக்கே. யாரு எழுதினது?" என்றார்.

  வீடு வந்து செருப்பைக் கழற்றியதும் பல்லக்கா சொன்னார்: "நான்தாங்க எழுதினேன். உங்க குறட்டைதான் அது."

 "அதுவா? அதுல நான் இருந்தேனே."

அவ்வளவுதான் சொன்னார் வீட்டுக்காரர். பல்லக்கா சமையலறையில் போய் நின்று அழுதார். அவமானத்தில் வந்த அழுகை இல்லை. செத்துப் பிழைத்து வந்த ஒரு மனிதரைத் தன் கையாலேயே வெளியே அனுப்பிவிட்டோமே என்ற ஆற்றாமை. அழுது முடித்து முகம் கழுவி, மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் பெரியண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"அண்ணா, என் கட்டைத் திருப்பிக் குடுத்துடுங்க. குழுப் புஸ்தகம் வேணாம்."

பெரியண்ணன் முகம் சுருங்கியது. "பேர் வேணும்னு ஆசை வந்துடுச்சா?"

"பேர் போனாப் போகட்டும்ண்ணா. அதுல என் வீட்டுக்காரர் இல்ல, நான் வேலை செய்யுற மேஜை இல்ல. நான் சாமிகிட்டப் போற வழியே அதுதான். அந்த வழியை அடைச்சுட்டு நான் எங்க நின்னு கும்பிடுறது?"

"நீயே தனியாப் போடுறதா இருந்தா, அதுக்குக் குழு உதவாதும்மா."

"சரிண்ணா. ஆனா ஞாயித்துக்கிழமை வருவேன். வராதேன்னு சொல்லிடாதீங்க."  இழந்துவிடுவோமோ என்று அவர் பயந்தது புத்தகத்தை அல்ல, அந்தக் கூடத்தைத்தான்.

பெரியண்ணன் உள்ளே போய்க் கட்டை எடுத்து வந்து கொடுத்தார். அடுத்த ஞாயிறு பல்லக்கா போனார். இரண்டு மூன்று பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், ஒருவர் பாயை நகர்த்திப் போட்டுக்கொண்டார். பல்லக்கா உட்கார்ந்தார், பாடினார், எழுந்து வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் போனார். கோபித்துக்கொண்டு வீட்டில் இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அந்தப் பக்குவத்துக்குத்தான் நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

பல்லக்கா சொந்தக் காசில் போட்ட புத்தகம் தெருமுனை அச்சகத்தில் தயாரானது. கவிதையும் கட்டுரையும் எழுதிய வரிசையிலேயே, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு. அச்சகக்காரர் பிரித்துப் போடலாமே என்று கேட்டதற்கு, "குடும்பம் பிரிக்காதீங்க" என்றார் பல்லக்கா. டாக்டரம்மா தன் காத்திருப்பு அறையில் மேஜை போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கச் சொன்னார். வலியோடு வந்தவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே படித்துச் சிரித்தார்கள். சிரித்து வலி கூடியதாக ஒருவர் புகார்கூடச் சொன்னார்.

ஒரு சாயங்காலம் வரிசையின் கடைசியில் பெரியண்ணன் நின்றிருந்தார். பல்லக்கா பதறி எழுந்தார்.

"உக்காரும்மா. நான் சொன்னது தப்புன்னு எனக்கு இன்னும் தோணல" என்றார் அவர். "ஆனா அந்தக் குறட்டைக் கவிதையை நான் திருத்தினதுக்கு அப்புறம் என்னாலயே அதை வச்சுப் பிரார்த்தனை பண்ண முடியல. உன்னோடது ஞாபகத்துல வந்து வந்து நிக்குது. ஒரு புஸ்தகம் குடு."

பல்லக்கா ஒன்றை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தார். எல்லோருக்கும் செய்வதுபோல் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டுமே. 'அன்புள்ள' என்று எழுதிவிட்டுப் பேனா நின்றது. இத்தனை வருஷம் பழகியும் அதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

"யாருக்குன்னு எழுதட்டும்ண்ணா?"

பெரியண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார்.  பிறகு மேஜைமேல் குனிந்து, பல்லக்காவுக்கு மட்டும் கேட்கும்படி, வெட்கத்தோடு தன் பெயரைச் சொன்னார்.