ஒரு பல்லுக்காக ரத்துச் செய்தது

எனக்குப் பொறுமை குறைவு. மோர்னிங்சைட் வீதிகளில் என்னிடம் கார் ஓட்டப் பழகியவர்களைக் கேட்டால் பாதிப்பேர் சாட்சி சொல்வார்கள். பழக்குகிற காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதனால்தான் நாங்கள் எல்லோரும் இன்னும் உயிரோடு இருக்கிறோம்.

கடைவாய்ப் பல் ஒன்று மாதக்கணக்காக என்னைப் படுத்தியெடுத்தது. சொந்தத் தொழில் செய்கிறவனுக்கு லீவும் கிடையாது, முதலாளி கட்டுகிற காப்புறுதியும் கிடையாது. டாக்டரிடம் போக அரசு தருகிற ஹெல்த் கார்ட் போதும். பல்லுக்கும் மருந்துக்கும் நாமேதான் இன்சூரன்ஸ் எடுக்கவேண்டும். நாங்கள் எடுத்திருந்தோம். ஆனால் பல்லுக்கு அது பாதியைத்தான் தரும். அந்த நேரம் பார்த்து, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கென்று அரசு புதிதாக ஒரு பல் திட்டம் கொண்டுவந்தது. கோயில் சாப்பாட்டு வரிசையில் எல்லார் வாயிலும் அதே பேச்சு. தனியார் பல் இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்கள் மட்டும் சேரமுடியாது. எங்களுடையதில் பல்லை நிறுத்திவிட்டு அதில் சேர நினைத்தேன்.

நியாயமாகப் பார்த்தால் எங்கள் இன்சூரன்ஸ் முகவரைத்தான் நான் கேட்டிருக்கவேண்டும். என்னைவிடப் பத்து வயது இளையவர். எங்கள் வீட்டு மேசையில் இருந்து, "நோய் வருத்தம் வரமுதல் எடுக்கவேணும் அண்ணை, வந்தாப்பிறகு ஒருத்தரும் தரமாட்டாங்கள்" என்று விடாப்பிடியாக நின்று படிவம் நிரப்பியவர். அடுத்த வருடமே மனைவிக்கு மூட்டுவாதம் வந்தது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை அவள் போடும் ஊசியை அந்த இன்சூரன்ஸ்தான் தாங்கியது. கைக்காசுக்கு வாங்குவதை எங்களால் நினைத்தும் பார்க்கமுடியாது.

ஆனால் அவரைக் கூப்பிட எனக்கு முகம் இருக்கவில்லை. என் மகள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியச் சடங்குக்குக் குடும்பத்தோடு வந்து, கடைசிப் பந்திவரை நின்று பரிமாறியவர் அவர். அவருடைய மகளின் சடங்கு ஒரு சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமைதான் எனக்கு உழைப்பு. காலையிலிருந்து பொழுதுபடும்வரை பாடம். போகவில்லை. மன்னிப்புக் கேட்டு ஒரு போன்கூட எடுக்கவில்லை. நாள் போகப்போக வெட்கம் கூடியது. அவருடைய காரைக் கண்டால் வேறு தெருவில் திருப்பிப் போகத் தொடங்கினேன்.

அதனால் ஒரு வெள்ளிக்கிழமை நேரே கம்பெனிக்கே போன் எடுத்தேன். முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்கவைத்தார்கள். பிறகு வந்த பெண், பல்லை மட்டும் தனியாக நிறுத்தமுடியாது என்று சொல்லி ஏதோ நிபந்தனைகளை வாசிக்கத் தொடங்கினாள். பல் விண்விண் என்று தெறித்தது. "வாசிக்கவேண்டாம், எல்லாவற்றையும் நிறுத்து!" என்று ஆங்கிலத்தில் கத்திவிட்டு வைத்தேன்.

அடுத்த வியாழக்கிழமை பின்னேரம் மின்னஞ்சல் வந்தது. பல், மருந்து எல்லாம் மாத முடிவோடு நிற்கும். மாத முடிவு மறுநாள். திரும்பச் சேர்வதென்றால் புதிய விண்ணப்பம், உடல்நலக் கேள்விகள். அவளுடைய மூட்டுவாதத்துக்கு அவர்கள் என்ன பதில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். மனைவி தேத்தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி எதிரே இருந்தாள். குளிராக்கும் என்று நினைத்தேன். அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் பாடங்களை நிறுத்திவிட்டு, சாப்பாட்டுக்கடைக்கு மேலேயிருந்த முகவரின் அலுவலகப் படிகளில் ஏறினேன்.

"என்ன அண்ணை, முகம் உப்பிடிக் கிடக்கு?"

சொன்னேன். அவர் மின்னஞ்சலை இரண்டு தரம் வாசித்தார்.

"இண்டைக்கு அஞ்சு மணிக்குள்ளை ஒரு படிவத்திலை ஒப்பம் வைச்சு அனுப்பினா, நிப்பாட்டினதைத் திருப்பிக் கேக்கலாம். நாளைக்கெண்டா ஏலாது."

"அதுக்குப் பிறகு ஒரு வழியும் இல்லையோ?"

"மாகாணத்தின்ரை மருந்து உதவி இருக்கு. ஆனா அது கைக்கு வர நாளெடுக்கும். அக்காவுக்கு ஊசி நிக்கக் கூடாது."

ஒப்பம் வைத்தேன். அவர் அனுப்பினார், போன் எடுத்தார், காத்திருந்தார், வேறொருவருக்கு எடுத்தார். மூன்று மணியானது. நான்கு மணியானது. பல்வலி எங்கே போனதென்றே தெரியவில்லை. சும்மா இருக்கமுடியாமல், "அண்டைக்குப் பிள்ளையின்ரை சடங்குக்கு வரேல்லை…" என்று இழுத்தேன்.

"சனிக்கிழமை உங்களுக்குப் பாடமெண்டு எனக்குத் தெரியும்தானே. பின்னேரமெண்டாலும் வருவீங்களெண்டு சாப்பாடு எடுத்து வைச்சனாங்கள்" என்றார், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஐந்துக்கு இருபது நிமிடம் இருக்கப் பதில் வந்தது. ரத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அரசின் பல் திட்டம் இனி எங்களுக்கு இல்லை. பல் போனால் போகட்டும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். முடியும்வரை கேட்டாள். பிறகு, "அந்த ஊசியை எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றாள். போன ஞாயிற்றுக்கிழமை ஒன்று போட்டிருக்கவேண்டும், பெட்டியில் ஒன்றுதான் மிச்சம் இருக்கவேண்டும். குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். இரண்டு இருந்தன.

"ஞாயிற்றுக்கிழமை போடேல்லையோ?"

"எல்லாத்தையும் நிப்பாட்டச் சொல்லி நீங்கள் போனிலை கத்தினது, குசினியிலை சமைச்சுக்கொண்டு நிண்ட எனக்குக் கேட்டது. அதுதான் மிச்சம் பிடிச்சனான்."

"உடனை என்னட்டைச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா என்னோடையும் கத்துவீங்கள்."

வீங்கியிருந்த விரல்களால் அவளுக்கு ஊசியின் மூடியைக் கழற்ற முடியவில்லை. நான் வாங்கிக் கழற்றிக் கொடுத்தேன்.