அம்மா சொன்ன பயணம்

எங்கள் அன்புத் தாயார் பதுளைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மேல் லயத்து வரிசை வீடொன்றில் பிறந்து கீழ் லயத்தில் வாழ்க்கைப்பட்டார். கொழுந்து பறித்தே எங்கள் மூவரையும் ஆளாக்கினார். அப்பா காலமான பிறகும் காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் பெரட்டுக்கு அவர் பிந்தியதில்லை. மண்சரிவு எச்சரிக்கை வந்து லயமே பள்ளிக்கூடத்துக்கு ஓடியபோது, அடுப்பை அணைத்துவிட்டு நிதானமாக நடந்து வந்தவர் அவர். அப்படிப்பட்டவர் பயந்தது ஒரே ஒரு வார்த்தைக்குத்தான்.

இளையவர்களுக்காக எழுதுகிறேன். இலங்கையும் இந்தியாவும் எங்கள் ஆட்களைப் பங்கு பிரித்த ஒப்பந்தக் காலத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள், கிளம்பும் முன் ஒவ்வொரு வாசலிலும் நின்று “பயணம் சொல்ல வந்தோம்” என்பார்கள். அம்மாவின் பெற்றோரும் தங்கையும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் பதுளை ஸ்டேஷனில் கோச்சி ஏறினார்கள். அப்பாவின் குடும்பத்துக்கு இந்நாட்டுப் பிரஜாவுரிமை இருந்ததால் அம்மா இங்கே நின்றுவிட்டார். பயணம் சொல்லிப் போன எவரும் திரும்பி வந்து அம்மா பார்த்ததில்லை.

வயதான காலத்தில், திருச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னம்மா போனில் அழுதார்: “கண்ண மூடுறதுக்குள்ள ஒரு தடவ வந்துட்டுப் போக்கா.” அம்மாவுக்கு ஆசையை விட நடுக்கமே கூடியது.

“போனா திரும்ப விடுவாங்களா?” என்று என்னை அரித்தெடுத்தார்.

“சும்மா பாத்துட்டு வர்ற விசாதாம்மா. நீயே இருக்கேன்னாலும் விடமாட்டாங்க.”

எனக்கு வேறு பயம். பிரஷரும் இருதய வருத்தமும் உள்ளவரைக் கடல் கடந்து கூட்டிப்போய், அங்கே ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்?

கிளம்பிய அன்று பக்கத்து வீட்டு அத்தை, “எங்க மதினி, பெட்டியும் கையுமா?” என்றார்.

“பதுளைக்கு. கிளினிக்குக்குப் போயிட்டு வர்றேன்.”

புதுச் சேலை, பெரிய பெட்டி, லீவு போட்டுவிட்டு வந்த மகளாக நான்! லயமே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை.

அக்காளும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுததை நான் எழுத்தில் சொல்ல முடியாது. ஆனால் இரண்டாவது வாரம் அம்மாவுக்கு நெஞ்சு அடைத்தது. ஆஸ்பத்திரியில் என் கையை இறுக்கிப் பிடித்து, “என்னய இங்க வச்சிறாத. நான் யாருக்கும் பயணம் சொல்லல” என்றார். பறக்கலாம் என்று டாக்டர் சொல்லும்வரை சோறு இறங்கவில்லை. விமானத்தில் அவர் மூச்சு ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லயத்து வளைவில் ஆட்டோ திரும்பியதும் அத்தை ஓடி வந்தார். “என்ன மதினி, கிளினிக்குல அவ்வளவு கூட்டமா?” அன்றுதான் அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

அதன்பின் சில மாதம் சுகமாகவே இருந்தார். ஒரு கிளினிக் நாளில் குடையை எடுத்துக்கொண்டவர், ரோட்டுக்கு இறங்காமல் லயத்தின் முதல் வாசலில் போய் நின்றார்.

“பயணம் சொல்ல வந்தேன்.”

அடுத்த வாசல். அதற்கடுத்த வாசல். நான் பின்னாலேயே ஓடினேன்.

“ம்மா, கிளினிக்குக்குத்தானே போறோம்?”

“ஆமா. கிளினிக்குக்குத்தான்.”

அத்தை சிரிக்க வாயெடுத்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பதுளை ஆஸ்பத்திரியில் அன்றே வார்ட்டில் சேர்த்தார்கள். அம்மா வீடு திரும்பவில்லை.

அம்மாவை ஆஸ்பத்திரியில் கவனித்தவர்களுக்கும், கடைசிவரை தோள் கொடுத்த லயத்து மக்களுக்கும், போன் திரையிலேயே அக்காளை வழியனுப்பிய சின்னம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒன்று உண்டு. அன்று காலை உங்களில் பலர் மலைக்கு வேலைக்குப் போயிருந்தீர்கள். பூட்டிய கதவுகளுக்கு முன்னாலும் அம்மா சற்று நின்றார். “இவங்களுக்கு நீ சொல்லிரு” என்றார். ஒரு வருடமாக என் நாக்கு எழவில்லை. இப்போதும் பயந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

அம்மா உங்களிடம் பயணம் சொல்லச் சொன்னார்.