மாமா விற்ற மோட்டார்

என் மாமா இங்கிலீஷில் மோட்டார் விற்றார். வாங்கினவர்கள் யாருமில்லை என்பது வேறு விஷயம்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் கள்ளக்குறிச்சியில் ஒரு மோட்டார் கடையில் சேர்ந்திருந்தார். கடையில் உட்கார்ந்து விற்கிற வேலை இல்லை, ஊர் ஊராகப் போய்க் கிணறு வைத்திருப்பவர்களைப் பிடித்துப் பேசுகிற வேலை. கம்பெனிக்காரர்கள் எடுத்த பாடம் அப்படியே அவர் வாயில் உட்கார்ந்துவிட்டது. எச்.பி. என்பார், ஹெட் என்பார், டிஸ்சார்ஜ் என்பார். 'லோ வோல்டேஜ் டிசைன்' என்று சொல்லும்போது மட்டும் ஏதோ ரகசியம் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொள்வார். எனக்கு ஒரு எழவும் புரியாது. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் என் தோழிகளிடம் அதை ஒப்பித்துப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

மாதங்கள் போயின, ஒரு மோட்டார்கூட நகரவில்லை. "தீபாவளிக்குள்ள ஒண்ணாவது தள்ளு, இல்லாட்டி வேற எடம் பாத்துக்க" என்று கடை முதலாளி சொல்லிவிட்டார். தியாகதுருகத்தில் மாமாவுக்குப் பெண் பேசி வைத்திருந்தார்கள். பெண் வீட்டார் சம்மதித்ததே அந்த வேலையைப் பார்த்துத்தான். வேலை போனால் பெண்ணும் போச்சு.

வேறு வழியில்லாமல் மாமா எங்கள் ஊருக்கே வந்தார். கச்சிராயபாளையத்துக்குப் பக்கம். அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது கிணற்றை மட்டும் பிரிக்க முடியவில்லை. அதனால் முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் பெரியப்பா இறைப்பார், மறுநாள் அப்பா. பொதுவில் ஓர் ஆயில் இன்ஜின் இருந்தது. ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தும், கத்துகிற கத்துக்குத் தண்ணீர் வராது. மத்தியானத்துக்குள் சூடாகி நின்றுவிடும். அது ஆறுவதற்குள் கிணறு ஊறிவிடும். இரண்டு வீட்டுக் கரும்பும் அந்தத் தண்ணீரில்தான் வளர்ந்தது. அந்த வருஷம் பெரியப்பா பேரில் கரண்ட் சர்வீஸ் வந்திருந்தது. மாமா அவரைத்தான் பிடித்தார்.

"டிஸ்சார்ஜ் ஜாஸ்திங்க, பெரிய மாமா. ஹெட்டும் நல்ல ஹெட்டு."

"ஹெட்டுன்னா இன்னாப்பா?"

மாமா திணறினார். "ஹெட்டுன்னா... அதாங்க, ஹெட்டு."

பெரியப்பா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே தலையை ஆட்டினார். "எனக்கு ஒண்ணும் ஏறல. இன்ஜினு ஓடிக்கினுதான கீது. ரோசனை பண்ணிச் சொல்றேன்."

எங்கள் பக்கத்தில் அதற்கு வேண்டாம் என்று அர்த்தம்.

மறுநாள் மாமாவால் ஊருக்குக் கிளம்ப முடியவில்லை. இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். பஸ் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. இட ஒதுக்கீடு என்றால் என்ன என்று அப்பாவைக் கேட்டேன். "அது பெரிய சமாச்சாரம், போ அந்தாண்ட" என்றார். பஸ்ஸே ஓடாதபோது எந்த இடத்தைக் கேட்கிறார்கள் என்று மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தேன். அப்போது பெரியவர்கள் பேசினதில் முக்கால்வாசி எனக்கு மாமாவின் ஹெட்டு மாதிரிதான் இருந்தது.

மாமா சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. உளுந்து புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"டேய், அவருக்குச் சொன்ன மாரி எனக்கும் ஒருவாட்டி சொல்லு. அந்த மோட்டாரு இன்னாதான் பண்ணும்?"

"டிஸ்சார்ஜ் வந்துக்கா..."

"செருப்பு பிஞ்சிடும். தமிழ்ல சொல்லுடா."

மாமா சிரித்துவிட்டார். பிறகு எழுந்து உட்கார்ந்து, நிஜமாகவே யோசித்தார்.

"இன்ஜினு மத்தியானம் வரைக்கும் இறைக்கிறத, இது வெயில் ஏர்றதுக்குள்ள இறைச்சிப் போட்டுடும்க்கா. சூடாயி நிக்காது. கரண்டு இருக்கற வரைக்கும் ஓடிக்கினே இருக்கும். நம்ம கெணத்துல போட்டா பொழுது சாயறதுக்குள்ள அடித்தரை தெரியும்."

சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. இத்தனை நாள் தான் விற்க அலைந்தது என்ன என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

"அப்ப மறுநா எங்க மொறைக்கு?" என்றாள் அம்மா.

அடித்தரை தெரிந்த கிணறு ஒரு ராத்திரியில் முழங்கால் அளவுதான் ஊறும். அது எனக்கே தெரியும்.

அம்மா மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள். விற்காதே என்று அவள் சொல்லவில்லை. தம்பி கல்யாணமாயிற்றே, எப்படிச் சொல்வாள்? மாமாதான் எழுந்து சட்டையை மாட்டினார். "வாடி குட்டி" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். "வேலை போனாப் போவுது. எங்கக்கா கரும்பு காயக் கூடாது" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது.

பெரியப்பா வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"பெரிய மாமா, அந்த மோட்டாரு ஒங்களுக்கு வேணாங்க. அன்னிக்கு நான் சரியா சொல்லல" என்று ஆரம்பித்தார் மாமா. அம்மாவிடம் சொன்னதை அப்படியே சொன்னார். வெயில் ஏறுவதற்குள் கரும்பு முழுக்கப் பாய்ந்துவிடும், அதற்கப்புறமும் நிற்காது, சாயங்காலம் அடித்தரை தெரியும் என்று கையால் ஆழம் காட்டிக் காட்டிச் சொன்னார். "ஒங்க தம்பி மொறைக்கு முழங்கா தண்ணிதான் நிக்கும். ரெண்டு வூட்டுக் கெணத்துக்கு இது ஆவாதுங்க."

ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது! மாமா பேசி எனக்குப் புரிந்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெரியப்பா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"கரும்பு பூரா பாஞ்சிடுமா?"

"பாஞ்சிடுங்க."

"மேக்கொல்லையில நெல்லு வச்சா?"

"அதுக்கும் பாயும். ஆனா, மாமா..."

"அட, இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாப்பா? ஹெட்டு ஹெட்டுன்னுக்கினு! ரோடு தொறந்ததும் ஒண்ணு எடுத்துக்கினு வா."

"ஒங்க தம்பி மொறை..."

"என் மொறையில நான் இறைக்கிறேன், அவன் மொறையில அவன் இறைக்கட்டும். மொறைய நானா மாத்தறேன்?"

  

கொண்டுவர மாட்டேன் என்றுதான் மாமா சொல்லிவிட்டு வந்தார். ரோட்டில் கிடந்த மரங்களை அகற்றிப் பஸ் விட ஆரம்பித்ததும் பெரியப்பா நேராகக் கடைக்கே போய், மாமா பேரைச் சொல்லி மோட்டாரை எடுத்து வந்துவிட்டார். முதலாளிக்கு வாயெல்லாம் பல். மற்ற பையன்களைக் கூப்பிட்டு, "இவன மாரி பேசுங்கடா, குடியானவனுக்குப் புரியற மாரி" என்றாராம். மாமாவின் வேலை நிலைத்தது. தை மாசம் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள்.

ஐப்பசி மழையும் ஏமாற்றிவிட்டது. அதற்குள் எங்கள் கரும்பு மஞ்சள் பூத்துவிட்டது. எங்கள் முறை நாளில் அப்பா விடிகாலையிலேயே போய்க் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, இன்ஜினைக் கிளப்பாமலே திரும்பி வருவார்.

தியாகதுருகத்தில் கல்யாணம். நாத்தனார் முடிச்சுப் போட அம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் அழுத அழுகையில் முடிச்சு நிற்கவே இல்லை. "தம்பி மேல இன்னா பாசம் பாரு" என்று பெண்டுகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மாமா தலையை நிமிர்த்தவே இல்லை.

பந்தியில் பெரியப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். "சாப்புடு கண்ணு" என்று தன் இலையில் இருந்த ஜாங்கிரியை எடுத்து என் இலையில் வைத்தார். எனக்கு ஒரே குழப்பம். இவ்வளவு நல்ல பெரியப்பா எப்படி இப்படிச் செய்வார்? ஒருவேளை அன்றைக்கு மாமா வேகமாகச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது, இவருக்குச் சரியாக விளங்கவில்லை என்று முடிவு செய்தேன். இன்னும் மெதுவாக, இன்னும் லேசாக எப்படிச் சொன்னால் அவருக்குப் புரியும் என்று, ஜாங்கிரியைத் தின்றுகொண்டே ஒவ்வொரு வார்த்தையாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.