கால் நீட்ட இடமில்லாத அறை

தில்லி முனிர்காவில் நான் வேலை பார்த்த கட்டட வரைபட அலுவலகத்தில், தடித்த கண்ணாடி போட்ட ஓர் அக்கா இருந்தார். கம்ப்யூட்டரில் எந்த அறைக்குச் செவ்வகம் போட்டாலும், உள்ளே படுத்திருக்கும் ஆளின் உருவம் ஒன்றை வைத்துப் பார்ப்பார்.

ஒருநாள் முதலாளி வந்து, அக்கா வரைந்துகொண்டிருந்த வீட்டுப் படத்தைப் பார்த்து, "கார் நிறுத்த இடம் பத்தல. வேலைக்காரி ரூமைச் சுருக்கும்மா" என்றார்.

"அவங்க கால் நீட்ட முடியாது சார்."

"மடக்கிப் படுக்கட்டும். ஜல்தி!"

அக்கா எழுந்துவிட்டார். "நீங்களே இழுத்துக்குங்க."

முதலாளி உட்கார்ந்து அந்த அறையின் சுவர்க்கோட்டை உள்ளே இழுத்தார். உடனே அக்கா குனிந்து, 'வரைந்தவர்' என்ற இடத்தில் தன் பெயரை அழித்து முதலாளியின் பெயரைப் போட்டார்.

"என் பேரையா போடுறே?" என்று கத்தியவர், அன்றே அக்காவை வேலையைவிட்டு நிறுத்தினார். அக்கா பையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

ஒருத்தியை மடங்கிப் படுக்கச் சொல்லக் கூசாதவருக்கு, அந்தப் படத்தின் கீழே தன் பெயரைப் பார்க்க மட்டும் கூசியதே! நினைத்தால் இன்றும் எனக்குக் கொதிக்கிறது.